இன்னும் ஒரு டிகிரி

மஸ்கெலியா சர்ச்சில் கல்யாணம். அதற்குக் கிளம்பிய பதினொரு பேரும் பிக்கப்பின் பின்னால் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அழகுக்காக வண்டியின் உயரத்தைக் குறைத்ததிலிருந்து, வேகமெடுத்தால் அது உதறியது.

அவர்களில் ஒருவரான றோலண்ட் கீழே எட்டிப் பார்த்தார். "எறங்கட்டுமா?"

"அசையாதீங்க," என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல். "ஆள் பாரத்தோட அளந்தாத்தான் பின் சக்கரத்தச் சுத்துற புரொப்பல்லர் சாஃப்ட்டோட சரிவு சரியா வரும். இன்னும் ஒரு டிகிரிதான்."

மூன்றாவது முறையாகப் போன் அடித்தது.

"வந்துக்கிட்டே இருக்கோம் பாதர்," என்று றோலண்ட் கூசாமல் சொன்னார். "மாப்பிள்ளைய கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க."

"பொண்ணு ரெடிதானே?"

றோலண்ட் உட்கார்ந்தபடியே வண்டிக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே குனிந்தார். "பாதர் கேக்குறாரு. ரெடியா?"

கிரீஸ் அப்பிய முகத்தோடு றொசானா வெளியே வந்தாள்.

"வண்டி ரெடிப்பா. இனி அந்தக் கவுனக் குடுங்க."