பழுப்புத் தண்ணீர்

மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை போனபின், கொல்லையில் போட்ட பயோஃபிளாக் மீன்தொட்டிதான் பழனிவேலின் பிழைப்பு. தீவனம் வாங்க அவன் வெளியூர் போன அன்று, பழுப்பேறிக் கிடந்த தண்ணீரைப் பார்க்கச் சகிக்காமல் அவன் மனைவி ருக்குமணி முக்கால்வாசியை இறைத்துக் கொட்டிவிட்டு, பைப் தண்ணீர் பிடித்து நிரப்பினாள்.

மறுநாள் காலை அவன் வந்தபோது மீன்கள் செத்து மிதந்தன.

"ராத்திரி கரண்ட் போயிருக்கும். காத்து மோட்டார் நின்னா மீன் தாங்காது" என்றான்.

"நல்ல தண்ணி ஊத்தியும் வீணாப்போச்சே" என்று அழுதாள்.

"வுடு. நீ இன்னா பண்ணுவ."

மதியம், மீன்வளர்ப்புப் பயிற்சி கொடுத்த சாரிடம் அவன் போனில் பேசியது சமையலறை ஜன்னல் வழியே அவளுக்குக் கேட்டது.

"கரண்ட்லாம் போவல சார். அந்தப் பழுப்புலதான் மீனுக்கு உசுரு, மாத்தாதன்னு அத்தினி தடவ சொன்னீங்க. நான்தான் புத்திகெட்டுப்போயி மாத்திட்டேன்."