உடைக்காத பூசணிக்காய்

இயக்குநர் உமேஷ் உலக சினிமாக்காரர். அதனால் கடைசி நாளில் பூசணிக்காய் சுற்றி உடைத்துப் படப்பிடிப்பை முடிக்க விடவில்லை. சாலையில் நிற்கும் கார்களையெல்லாம் நசுக்கும் ஒரு லாரியின் கதை அந்தப் படம். நடித்த லாரியைக் காயலான் கடையில் வெட்டிவிட்டார்கள்.

படம் வெளியான மறுநாள், "பயத்துக்கே பயம் காட்டிட்டேன்" என்று பேட்டி கொடுத்துவிட்டு, பட்டப்பகலில் விளாங்குடி வழியாகக் காரில் திரும்பினார். கண்ணாடியில் அதே லாரி தெரிந்தது. மானேஜர் அருள்பாண்டியைப் போனில் கூப்பிட்டார்.

"அருளு, அந்த லாரிய வெட்டியாச்சுல்ல?"

"பக்கத்துல நின்னு செல்பி எடுத்தீங்களேண்ணே!"

"இப்ப என் பின்னாடியே வருதுடா!"

"யாருண்ணே ஓட்டுறா?"

முன்னால் சிக்னல் சிவப்பானது. வழியில்லாமல் நின்றார். லாரி வேகத்தைக் குறைக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லை. ஒரு முழுப் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது, உச்சியில் சூடம் எரிய.