ரெண்டுங்கெட்டான் ஜோடி

"மாப்ளே, பயமா இருந்தா எழுந்து வீட்டுக்குப் போ. உன்னை இங்க யாரும் கட்டி வைக்கல."

இப்படி நக்கலடித்தது வேற்று ஆள் இல்லை. பள்ளிக்கூட வேன்காரனின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். எலக்ட்ரீஷியன்.

"என் கவலை எனக்கு மச்சான். நீங்க உங்க சீட்டைப் பாருங்க" என்றான் வேன்காரன். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, கடைக்காரரையும் சேர்த்து மூன்று பேர் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைக்கு அரை ஷட்டர். காசுக்குப் பதில் இருமல் மருந்து பாட்டில் மூடிகள், மூடி ஒன்றுக்கு நூறு ரூபாய். மூடி தீர்ந்துபோனால் கையில் இருக்கும் எதையும் வைக்கலாம், உச்சவரம்பு கிடையாது. சீட்டு கையில் இருக்கும்போது அடுத்தவனுக்கு யோசனை சொல்லக்கூடாது என்பதில் மட்டும் கடைக்காரர் ரொம்பக் கறார்.

வேன்காரனின் மூடிகள் தீர்ந்துவிட்டன. வேனுக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம் அது. டயர் கடைக்குப் போவதாகத்தான் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

ஆளுக்குக் கையில் ரெண்டு சீட்டு. மேசை நடுவே பொதுச் சீட்டு ஐந்தும் திறந்து கிடந்தன. ராஜா, ஒன்பது, ஆறு, நாலு, ரெண்டு. அவன் கையில் ஒரு ஒன்பது இருந்தது. ஆக, ஒன்பதில் ஒரு ஜோடி.

இந்த நடுத்தர ஜோடி இருக்கிறதே, அது மகா பாவி. கையில் ஒன்றுமே இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பெரிய கை என்றால் நெஞ்சை நிமிர்த்தி ஆடலாம். இது ரெண்டுங்கெட்டான். விடவும் மனசு வராது, நம்பவும் முடியாது.

கடைக்காரர் தன் மூடிகள் அத்தனையையும் நடுவே தள்ளினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

வேர்க்கிறது, பயப்படுகிறார், கையில் ஒன்றுமில்லை என்று வேன்காரன் கணக்குப் போட்டான். பையிலிருந்து வேன் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"அவசரப்படாதே. இப்ப என் முறை" என்றார் மச்சான்.

வேன்காரன் சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மச்சான் மூடிகளையெல்லாம் வழித்து நடுவே தள்ளினார். அதற்கு மேல் தன் பைக் சாவியையும் வைத்தார். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலத் தினமும் துடைத்து வைத்திருக்கும் பைக்.

"இப்ப உன் முறை. வேனை வைக்கிறியா?"

ஒருத்தர் பொய்யாக மிரட்டலாம். ரெண்டு பேருமா மிரட்டுவார்கள்?

நாளைக் காலையில் வாசல் வாசலாகப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கும். வேன் வராது. "வேன் எங்கே?" என்று மனைவி கேட்பாள்.

"என்ன மாப்ளே, சிலையாயிட்ட?"

சொந்தத் தங்கச்சி சோற்றில் மண்ணைப் போடத் துடிக்கிறானே, இவனெல்லாம் ஒரு அண்ணனா என்று உள்ளுக்குள் கொதித்தான். ஆனால் கொதிப்பைவிட பயம் பெரிதாக இருந்தது. சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சாவியைப் பைக்குள் திணித்தான்.

"நான் வரல."

கடைக்காரர் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைத் திருப்பினார். கையில் இருந்த ரெண்டுமே நாலு. மேசையில் கிடந்ததோடு சேர்த்து மூன்று நாலு.

வேன்காரன் பைக்குள் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வைத்திருந்தால் வேன் போயிருக்கும்.

மச்சான் தன் சீட்டைத் திருப்பிக் காட்டாமலே சீட்டுக்கட்டின் மேல் வைத்தார். கடைக்காரர் மூடிகளோடு பைக் சாவியையும் எடுத்துக்கொண்டார்.

'நல்லா வேணும்' என்று வேன்காரன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்துக் கலைத்துப் போடுவது அவன் முறை. கட்டைக் கையில் எடுத்தவன், அப்படி எதை நம்பி பைக்கை வைத்தார் என்று பார்க்க மச்சானின் சீட்டைப் புரட்டினான்.

ஏழும் மூணும்.

ஜோடிகூட இல்லை. எதையும் ஜெயிக்க முடியாத கை. சின்னப் பிள்ளைகூட இதைக் கீழே போட்டிருக்கும்.

"எனக்குப் போதும், கிளம்பறேன்" என்று மச்சான் எழுந்தார். வேன்காரனும் கட்டை வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

"மச்சான், ஏழையும் மூணையும் வச்சுக்கிட்டா...?"

"அவரு கண்ணாடியைத் துடைச்சார்னா கையில பெருசா இருக்குன்னு அர்த்தம். இத்தனை நாள் அவரு எதிர்ல உக்காந்திருக்க, இதுகூடத் தெரியலையா உனக்கு?"

"அப்ப ஏன் மச்சான் பைக்கை வச்சீங்க?"

"வாயால எழுந்து போன்னு சொன்னேன். போனியா?"

வேன்காரன் பையிலிருந்து வேன் சாவியை வெளியே எடுத்தான்.

மச்சான் வேன் கதவைத் திறந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"வண்டியை எடு. என்னை வீட்டுல இறக்கி விட்டுட்டுப் போ. தங்கச்சி கேட்டா, அண்ணன் பைக்கை சர்வீசுக்கு விட்டிருக்கார்னு சொல்லு."