கட்டிய பல்

குறுவை நாற்றங்காலின் மேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வீரையனின் நாற்றுக்குள் அமிர்தத்தின் ஏழு வான்கோழிகள் இறங்கி மேய்கின்றன. வரப்பில் வீரையன் கழியோடு நிற்கிறான். "நீங்க கூப்புடுறீங்களா, நான் விரட்டவாக்கா?" விரட்டினால் நாற்று முழுவதையும் மிதித்துக்கொண்டு ஓடும் என்பது இருவருக்கும் தெரியும். இக்கரையில் அமிர்தம் நாக்கை முன்பல்லில் வைத்துச் சொடுக்குகிறாள். புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. பல் விழுந்த இரண்டு வருடமாக அந்தச் சந்தில் நாக்கை வைத்துத்தான் அவற்றைக் கூப்பிட்டிருக்கிறாள். பல் கட்டி இன்றோடு மூன்று நாள். சேவல் மட்டும் இறகை விரித்துக் களகளவென்று பதில் சொல்கிறது; அது பஸ் ஹாரனுக்கும் அப்படித்தான் கத்தும்.

"பல்லக் கழட்டி வச்சிட்டுக் கூப்புடுங்கக்கா. பழைய சத்தம் வந்துரும்."

"கழட்டுறதுக்கா தம்பி கட்டிக்கிட்டேன்?"

அவள் நாக்கை உள்ளே இழுத்து அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்குகிறாள். காய்ந்த சுள்ளி ஒடிவது போல் ஒரு சத்தம். மறுபடியும் அதே சத்தம், இன்னும் பலமாக. ஒரு பெட்டை மட்டும் அலகில் நாற்று தொங்கத் தலையைத் தூக்குகிறது.

"இது வேற சத்தமால்ல இருக்கு."

"வேறதான். அதுகளும் பழகட்டும்."

விடாமல் சொடுக்குகிறாள். பெட்டை வரப்பேறி, வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் தென்னைமரத்தில் கால் வைக்கிறது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவை. கடைசியில், இறகைச் சுருக்கிக்கொண்டு சேவல். அமிர்தத்துக்குச் சிரிப்பு வருகிறது. கை பழக்கத்தில் வாயை மூட முந்தானையை எடுக்கிறது. அதைத் தோளில் போட்டுவிட்டு, வீரையனைப் பார்த்துப் பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறாள்.