ஃபிரிட்ஜில் வாடகைக்கு இடம்

புஷ்பவல்லி ஆன்டி தன் வீட்டு ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் தன் டப்பாக்களைக் கொண்டுபோய் வைக்கிறார் என்ற செய்தி, செந்தூல் ஃபிளாட்டில் லிஃப்டைவிட வேகமாக மாடி மாடியாக இறங்கியது. அந்த லிஃப்டின் வேகம் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது.

கீழ்வீட்டு ரோகிணிக்குத்தான் வயிறு எரிந்தது.

"எதிர்வீடுன்னா யாரு வீடு? தாமரை அக்கா வீடு," என்றாள் கணவன் ராஜனிடம். "லோரி ஓட்டிட்டிருந்த மனுஷன் இடுப்பு ஒடிஞ்சு படுத்துக் கெடக்காரு. அக்கா தோசை மாவு அரைச்சு வித்துதான் குடும்பம் ஓடுது. மாவு வைக்கிற ஃபிரிட்ஜுல இவங்க போய் எடம் புடிச்சா எப்படி லா?"

"சும்மாவா வைக்கிறாங்க? அந்த வீட்டு கரண்டு பில்லுல பாதியை வாடகையா கொடுக்கறாங்களாம்."

"பென்ஷன் வாங்குறவங்க. சொந்த ஃபிரிட்ஜை ஓட்ட முடியாதா?"

புஷ்பவல்லி ஆன்டி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்பது ஃபிளாட்டுக்கே தெரியும். வந்தவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஃபேனை நிறுத்திவிடுவார். வெயில் ஏற ஏற எல்லார் வீட்டிலும் பில்லும் ஏறிக்கொண்டே போன இந்த வருஷம், ஏர்கோனைச் சாமி படம் மாதிரி பார்ப்பதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறார் என்று பேச்சு.

தாமரையின் நிலைமை வேறு. போன மாதப் பில்லைப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜையும் மாவு வியாபாரத்தையும் சேர்த்தே நிறுத்திவிடலாமா என்று அழுதாள். ரோகிணி மனசு கேட்காமல் நாலு வீட்டில் கேட்டு, கொஞ்சம் பணம் சேர்த்துக் கொண்டுபோனாள். தாமரை கும்பிட்டுவிட்டு அதைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தாள்.

"கை கால் இருக்கிற வரைக்கும் சும்மா வர்ற காசு வேணாம், ரோகிணி. தப்பா எடுத்துக்காத."

அப்படிப்பட்டவள் வீட்டில் போய் மிச்சம் பிடிப்பதா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோகிணி மேலே போனபோது, ஆன்டி வீட்டு வாசல் கிரில்லில் ஒரு மாவு பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஆன்டி காசு கொடுப்பதில்லை என்று கேள்வி. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று உள்ளே நுழைந்தாள்.

ஆன்டி சமையலறையில் உட்கார்ந்து கையால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே வாஷிங் மெஷின் சும்மா நின்றது.

"ஆன்டி, நேராவே கேக்கறேன். இல்லாதவங்க வீட்டுல போய்தான் மிச்சம் புடிக்கணுமா?"

"யாரைச் சொல்ற?"

"தாமரை அக்காவைத்தான். அவங்க மாவு வைக்கிற எடத்துல உங்க டப்பா. அது பத்தாதுன்னு ஓசி மாவு வேற."

"மாவு வேணாம்னுதான் சொல்றேன். கேக்க மாட்டேங்குறா."

ரோகிணிக்கு இன்னும் கோபம் வந்தது. பக்கத்தில் போர்வை போட்டு மூடியிருந்த ஃபிரிட்ஜின்மேல் கையை ஊன்றினாள். உள்ளங்கையில் லேசாக அதிர்ந்தது.

போர்வையை விலக்கிக் கதவைத் திறந்தாள். முகத்தில் குளிர் அடித்தது. மீன், நேற்று வைத்த கறி, கீரை, பால் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"மொதல்ல கதவைச் சாத்து. கரண்டு போகுது," என்றார் ஆன்டி.

"ஃபிரிட்ஜ் நல்லாத்தானே ஓடுது. அப்புறம் ஏன் அங்க போய் வைக்கிறீங்க?"

ஆன்டி சோப்புக் கையைக் கழுவினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ காசு கொண்டுபோனியே, வாங்கினாளா?"

"இல்லை."

"வாடகைன்னா வாங்குறா."

ரோகிணி சும்மா நிற்கும் வாஷிங் மெஷினைப் பார்த்தாள். குளியலறை ஹீட்டர் சுவிட்சின்மேல் குறுக்கே ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தாள்.

"அப்ப இதெல்லாம்?"

"என் பென்ஷன் என்ன மலையா? இங்க புடிச்சாதான் அங்க கட்ட முடியும். வெளிய சொல்லிடாத. தெரிஞ்சா அந்த நிமிஷமே டப்பாவைத் தூக்கி என் கையில கொடுத்துடுவா."

எச்சில் கை, காக்கை என்று தானும் சேர்ந்து சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்து, ரோகிணிக்கு வெட்கமாக இருந்தது. இப்படிக்கூட ஒருத்தர் கஞ்சமாக இருக்க முடியுமா என்று மலைப்பாகவும் இருந்தது.

அன்று சாயந்திரமே மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு தாமரை வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, எங்க ஃபிரிட்ஜும் ரொம்ப கரண்டு குடிக்குது. கீழ்த்தட்டுல கொஞ்சம் எடம் கெடைக்குமா? நானும் வாடகை கொடுத்துடறேன்."

தாமரை மாவு பாக்கெட்டுகளைக் கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். டப்பாவை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டினாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"வை லா," என்றாள். "நாளையிலேர்ந்து உன் வீட்டுக் கிரில்லுலயும் ஒரு பாக்கெட் மாவு தொங்கும். வேணாம்னு சொல்லக்கூடாது."

"சரிக்கா."

"ஆனா நீயாவது உள்ள ஏதாச்சும் போட்டு வை, ரோகிணி. ஆன்டி தெனமும் மாத்தி மாத்திக் கொண்டாந்து வைக்கிறதெல்லாம் வெறும் டப்பா. எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாத."