மேனேஜர் குரல்

உங்களைச் சிரிக்க வைக்கப் போகிறேன். ஆனால் இப்போது இல்லை. முதலில் கிட்டன்ஸ் மேல் உங்களுக்குக் கொஞ்சம் கடுப்பு வர வேண்டும்.

எங்கள் ஊர்க் கரும்புத் தோட்டத்து மாளிகைக்கு வெள்ளையடித்து, அந்தக் காலத்தில் கரும்பு பிழிந்த காற்றாலைக்கு இறக்கை மாட்டி, அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். கிட்டன்ஸ் அதற்குக் காவலாளி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைக் கிட்டன்ஸுக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை போல.

மாளிகைக்குப் பின்னால் ஒரு புல்தரை. கல்லும் கிடையாது, சிலுவையும் கிடையாது. அடிமையாகக் கரும்பு வெட்டியே செத்துப்போன எங்கள் முன்னோரைப் புதைத்த இடம். அதன் கேட்டுக்கு ஒரு பூட்டு. சாவி கிட்டன்ஸ் இடுப்பில்.

அடிமைத்தனம் ஒழிந்த விடுதலை நாளன்று என் அப்பா எல்ரிக் சின்ன ரம் பாட்டிலோடு வந்து நின்றார். அந்த மண்ணில் நாலு சொட்டு ஊற்றி, பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். சாயங்காலம் அவருக்குக் கனடா விமானம், ஆப்பிள் பறிக்கிற வேலைக்கு. போன வருஷம் ஊற்ற விடவில்லை. அங்கே ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு வந்தார்.

"கேட்டைத் திற கிட்டன்ஸு."

"மேனேஜர் அனுமதி இருக்கா?"

"உள்ள படுத்திருக்கிறது என் ஆளுங்கய்யா. உன் ஆளுங்களும்தான்."

"இருக்கலாம். பூட்டு லண்டன் முதலாளியோடது."

"உன்னை அந்தத் துரை படத்துக்குப் பக்கத்துலயே ஆணி அடிச்சு மாட்டணும்."

"மாட்டுங்க. அதுக்கும் அனுமதி வேணும்." சொல்லிவிட்டு, கேட்டை ஒட்டிய தன் அறைக்குள் போய்விட்டார்.

கடுப்பு வந்துவிட்டதா? நல்லது.

விடுமுறைக்கு நான் காற்றாலை ஓரம் கரும்புச்சாறு விற்கிறேன். ஊரில் எல்லார் குரலும் எனக்கு வரும். பாதிரியார், மீன்கார மார்வா, பஸ் கண்டக்டர், அந்த பஸ்ஸும்கூட. மேனேஜர் பில்கிரிம் ரொம்பச் சுலபம். பாதி மூக்கை அடைத்துக்கொண்டு, பேசுவதே வீண் செலவு என்கிற மாதிரி பேசினால் போதும்.

சாறு பிழியும் மிஷினுக்குப் பின்னால் குந்தி, கடை வாக்கி-டாக்கியை அமுக்கினேன்.

"ம்ஹும். கிட்டன்ஸ். பின் கேட்டைத் திற."

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு, "சார்? எல்ரிக் நிக்கிறார் சார்."

"உள்ள விடு."

"கையில பாட்டில் இருக்கு சார்."

"பாட்டிலோட விடு."

"மத்த ஊர்க்காரங்க வந்தா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "அவங்களையும் விடு."

மறுபடி கரகரப்பு. இந்தத் தடவை கொஞ்சம் நீளம்.

"இந்த வருஷம் மட்டுமா சார், இல்ல வருஷா வருஷமா?"

எனக்குத் துணிச்சல் ஏறிவிட்டது. "வருஷா வருஷம்."

"சத்தமா ஒரு தடவை சொல்லிடுங்க சார். டிக்கெட் கவுன்டர், கேன்டீன், எல்லாருக்கும் கேக்கட்டும்."

சொன்னேன். மூக்கு வலிக்கிற அளவுக்குச் சொன்னேன்.

பூட்டு திறந்தது. அப்பா உள்ளே போய், தொப்பியைக் கழற்றி, ஊற்றினார். மண் அப்படியே இழுத்துக்கொண்டது. என்னென்னவோ பெயர்களை முணுமுணுத்தார். சேதி எப்படித்தான் பரவியதோ, மார்வா மீன் வாடையோடு வந்தாள், கண்டக்டர் பஸ்ஸை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தார். அப்பா சிரித்த முகமாக விமான நிலையம் கிளம்பினார்.

இப்போது சிரிப்புக்கு வருகிறேன். கிட்டன்ஸ் முகம் கோணுவதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருமா? அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

"ம்ஹும். சபாஷ், கிட்டன்ஸ்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் கோணவே இல்லை.

"நல்லாத்தான் பேசுற பாப்பா. நீ ரேடியோவுல பேசினப்போ மேனேஜர் எங்க இருந்தார் தெரியுமா?"

"எங்க?"

"இந்த அறையிலதான். கதவுக்குப் பின்னால, மீன் வடை தின்னுக்கிட்டு."

எனக்கு நிஜமாகவே மூக்கு அடைத்துக்கொண்டது.

"அங்கிள்... அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரே. 'திறக்கச் சொன்னா லண்டன் முதலாளி என் சீட்டைக் கிழிப்பார். நீயா திறந்தா உன் சீட்டு. இப்ப நான் சொல்லவே இல்லைன்னு நான் சத்தியம் பண்ணலாம், மேனேஜர் குரல்ல கேட்டேன்னு நீ சத்தியம் பண்ணலாம்'னார்."

"அப்போ எல்லாம் தெரிஞ்சேதான் என்கிட்ட அத்தனை கேள்வி கேட்டீங்களா?"

"நான் எங்க கேட்டேன்? 'வருஷா வருஷமான்னு கேளுய்யா'ன்னு என் விலாவுல இடிச்சதே அவர்தான்."