பெரிய கூலர் வந்த நாள்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். தணிகாசலம், அவர் சொந்தக் கையால் கட்டிய சின்ன விமானத்தின் இன்ஜின், இன்ஜின் எண்ணெயைக் காற்றில் ஆறவைக்கும் ஏழு வரிசைக் குழாய்க் கூலர், அட்டைப்பெட்டியில் வந்திறங்கிய பதின்மூன்று வரிசைக் கூலர்.

“எண்ணெய் கொதிக்குதுப்பா. இனி உன்னால ஆகாது,” என்றது இன்ஜின்.

“அண்ணே, என் இடுக்கெல்லாம் பூச்சி அடைச்சிருக்கு. ஒரு தடவை கழுவிப் பாக்கலாமே,” என்று கெஞ்சியது சிறிய கூலர்.

“கழுவினா வளர்ந்துருவியாக்கும்!” என்று சிரித்தது பெரியது.

தணிகாசலம் சிறியதைக் கழற்றிப் பழைய சாமான் கூடையில் போட்டார். பெரியதை மாட்டி, ஒரு சுற்று பறந்துவிட்டு இறங்கினார்.

“இப்ப எண்ணெய் சூடே ஏறல. குளிருதுப்பா,” என்று முனகியது இன்ஜின்.

தணிகாசலம் பெரிய கூலரின் ஒரு வரிசையை டேப் ஒட்டி மூடிவிட்டுப் பறந்தார். போதவில்லை. இறங்கி இன்னொரு வரிசையை மூடினார். இப்படி ஆறாவது வரிசையையும் மூடிய பிறகுதான், “ஆங், இதுதான் சரியான சூடு,” என்றது இன்ஜின்.

“அண்ணே, திறந்திருக்கிறது எத்தனை வரிசை?” என்று கூடைக்குள்ளிருந்து கேட்டது சிறியது.

இன்ஜின் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தது.

ஏழு.